ஓடுபாதையும் பதினோரு தென்னையும்

போன மாதம் பேரனைப் பெங்களூரு விமானத்தில் ஏற்றிவிட லாஸ்பேட்டைக்குப் போயிருந்தேன். கம்பி வேலிக்கு அப்பால் காற்றுப்பை ஆடிக்கொண்டிருந்தது. நின்று அதன் பட்டைகளை எண்ணினேன். "என்ன தாத்தா எண்றீங்க?" என்றான் பேரன். "அஞ்சு பட்டை இருக்கணும்டா. முதலும் கடைசியும் அடர்ந்த நிறமா இருக்கணும்" என்றேன். குமாஸ்தாவாக இருந்த கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தான். அவனுக்கு நேரம் இல்லை, உள்ளே போய்விட்டான். உங்களுக்கு நேரம் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2010 ஜூன் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் அடுக்களையில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று நான் பட்டியல் போட ஆரம்பித்ததும், வீட்டம்மா என் தங்கை மகனைக் கூப்பிட்டு, "உங்க மாமாவுக்கு ஏதாவது வேலை பாருப்பா" என்று சொல்லிவிட்டாள். அவன் பார்த்துக் கொடுத்த வேலைதான் இது. கடலூர் மாவட்டத்தில், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு தொழிலதிபர் சொந்தமாக விமான ஓடுதளம் வைத்திருந்தார். ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாம். அங்கே பயிற்சிப் பள்ளி நடத்த வேண்டும், சின்ன விமானங்களை வாடகைக்கு விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் கத்தை கத்தையாகக் காகிதம் வேண்டும். காகிதம் என்றால் குமாஸ்தா. மாதம் 8,000 ரூபாய், வாரத்தில் நான்கு நாள், போக வர ஜீப்.

முதல் நாள் போனபோது ஓடுபாதையில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. 1,200 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம் உள்ள தார்ப் பாதை சும்மா கிடந்தால் நம் ஜனங்கள் விடுவார்களா? கிழக்கு முனையில் உளுந்து, நடுவில் வெள்ளாடு, மேற்கு முனையில் பிள்ளைகள் கிரிக்கெட். முதலாளியின் விமானம் வருகிற அன்று காவலாளி சைக்கிளில் போய் விசில் அடித்து எல்லாரையும் விலக்குவாராம். அவருடைய நண்பர்கள் வந்து போகிற வரைக்கும் அது போதுமாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதாக இருந்தால் 1937-ஆம் வருடத்து விமான விதிகளின் 78-ஆவது விதி வந்து நிற்கும். லைசென்ஸ் இல்லாமல் தொடர்ச்சியாக அப்படி ஏற்றி இறக்கக் கூடாது.

அந்த விதிமுறைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆங்கிலத்தை ஆபீசில் உட்கார்ந்து, மேலதிகாரி அடித்துத் திருத்திய டிராஃப்டுகளிலிருந்து கற்றுக்கொண்டவன் நான். அதனால் வார்த்தை வார்த்தையாகத்தான் படித்தேன். அதில் ஒரு லாபம் இருந்தது. 'ஷல்' என்று வருகிற இடமெல்லாம் கட்டாயம், 'ஷுட்' என்று வருகிற இடமெல்லாம் பரிந்துரை. பிரெஞ்சில் 'துவா' என்பதற்கும் 'துவ்ரே' என்பதற்கும் உள்ள அதே வித்தியாசம். திக்தே எழுதும்போது அதைக் கோட்டைவிட்டால் எங்கள் வாத்தியார் முசியே காதைத் திருகுவார். 'ஷல்' எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலிலும் 'ஷுட்' எல்லாவற்றையும் நீலப் பென்சிலிலும் கோடு போட்டேன். புத்தகம் முடியும்போது சிவப்புப் பென்சில் கட்டைவிரல் அளவு ஆகிவிட்டது. நீலம் அப்படியே இருந்தது.

பயிற்சி கொடுக்க வந்திருந்தவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன். என் வயதுதான். 2011 போகி அன்று காலையில் சென்னை விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சிப் பையனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அதில் 'எஃப் யூ' என்று இரண்டு எழுத்து. பையன் முழித்தான். நான் எட்டிப் பார்த்து, "ஃபியூமே. புகை. போகி கொளுத்தறாங்க இல்ல?" என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். 'பி ஆர்' என்றால் ப்ரூம், மூடுபனி. 'ஜி ஆர்' என்றால் கிரேல், ஆலங்கட்டி. உலகம் பூராவும் விமானிகள் படிக்கிற குறிப்பில் இன்னமும் பிரெஞ்சு வார்த்தைகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அன்றிலிருந்து கேப்டன் என்னை 'முசியே' என்றுதான் கூப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லைசென்ஸ் என்றால் ஓடுபாதைக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஓடுபாதையைச் சுற்றி 'ஸ்ட்ரிப்' என்று ஒரு நிலத்துண்டு உண்டு. எங்கள் ஓடுபாதை எண் 2 வகை. அதற்கு மையக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 40 மீட்டர், இரண்டு முனைக்கு அப்பாலும் 60 மீட்டர். விமானம் பாதையை விட்டு விலகி ஓடினால் அந்த நிலத்துக்குள் அது எதிலும் மோதக் கூடாது. அங்கே எதையாவது நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், இடித்தால் ஒடிந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும். எங்கள் ஸ்ட்ரிப்பில் 36-ஆவது மீட்டரில் ஒரு பழைய கமலைக் கிணறு இருந்தது! எருக்கஞ்செடி மூடியிருந்ததால் வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்த நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கால் உள்ளே போய்விட்டது, சர்வேயர் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

காற்றுப்பை இன்னொரு கூத்து. கம்பத்தில் ஏதோ காவித் துணி சுற்றிக்கொண்டு கிடந்தது. புத்தகத்தில் 3.6 மீட்டர் நீளம், அகன்ற வாய் 0.9 மீட்டர் குறுக்களவு, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஐந்து பட்டை என்று இருக்கிறது. 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். எங்கள் தெரு தையற்காரரிடம் படம் வரைந்து கொடுத்தேன். "சார், இது யாருக்கு?" என்றார். யானைக்குப் பேண்ட் என்று நினைத்திருப்பார். நன்றாகத் தைத்துக் கொடுத்தார், கூலி 350 ரூபாய்.

தீயணைப்புக்கும் கணக்கு உண்டு. முதலாளியின் இரட்டை எஞ்சின் விமானம் பதிமூன்று மீட்டர் சொச்சம் நீளம். 12 மீட்டரிலிருந்து 18 மீட்டருக்குள் என்றால் மூன்றாம் வகை. நுரை கலக்க 1,200 லிட்டர் தண்ணீர் ஏற்றிய வண்டி ஒன்று வேண்டும். அழைப்பு வந்த மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் போய் நுரை அடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் போனால் இன்னும் நல்லது (அது நீலப் பென்சில்). கையேட்டில் '2 நிமிடம் 30 விநாடி' என்று மேனேஜர் சொல்ல நான் எழுதிவிட்டேன். பிறகு ஒருநாள், ஒத்திகை பார்க்கலாம் என்று கேப்டன் யாருக்கும் சொல்லாமல் மணி அடித்தார். வண்டி வந்து சேர 4 நிமிடம் 40 விநாடி. வண்டி பழுதில்லை. ஓட்டுநர் ஓடி வந்து ஏறிவிட்டார். நடுவில் ஒரு கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அன்று மாலை நான் எழுதிய அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அழகாக டைப் அடித்திருந்தது. பிழை இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் ஒரு துறையில் கீழ்நிலை எழுத்தர். ஒரு கிடங்குக் கட்டடத்தின் நிலைமை பற்றி அறிக்கை கேட்டு மேலிருந்து கடிதம் வந்தது. போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, வண்டிக்கு டீசலும் இல்லை. 'இடம் நேரில் பார்வையிடப்பட்டது, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது' என்று போடச் சொன்னார்கள். போட்டேன். கையெழுத்து என்னுடையது அல்ல, வாசகம் என்னுடையது. ஐப்பசி மழையில் அதன் பக்கச்சுவர் விழுந்து இரவுக் காவலாளிக்கு இடுப்பு உடைந்தது. உயிர் போகவில்லை. விசாரணையும் வரவில்லை, ஏனென்றால் கோப்பு சரியாக இருந்தது. அதன்பிறகு பல வருடம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்த மனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதைப் பார்ப்பேன். அவருக்கு என்னைத் தெரியாது. நான் பழைய புத்தகக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கேட் பூட்டை எடுத்துவிட்டுத் தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் வைத்தோம். அடுத்த ஒத்திகை 2 நிமிடம் 50. அதையே எழுதினேன். மேனேஜருக்கு வருத்தம். "2.30 பார்க்க நல்லா இருந்துச்சே சார்!"

இனி தென்னை மரம்.

எங்கள் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருந்தது. மேற்கு முனையில் 09 என்றும் கிழக்கு முனையில் 27 என்றும் பெரிதாக எழுதியிருக்கும். 90 டிகிரி, 270 டிகிரி என்பதில் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் வருகிற எண்கள். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். ஆகவே மேற்கிலிருந்து வந்து 09-இல் இறங்கும். அந்த மேற்குப் பக்கம், ஓடுபாதை முனையிலிருந்து 310 மீட்டர் தள்ளி, ஒரு கொல்லை. அதில் வரிசையாகப் பதினோரு தென்னை மரங்கள்.

விதி என்னவென்றால், முனைக்கு 60 மீட்டர் தள்ளி ஒரு கற்பனைச் சரிவு ஆரம்பிக்கும். 25 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும். அந்தச் சரிவுக்கு மேல் எதுவும் தலை நீட்டக் கூடாது. 310-இல் 60 போனால் 250. அதை 25-ஆல் வகுத்தால் 10. மரம் 10 மீட்டருக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. பார்த்த மாத்திரத்திலேயே அது 10 மீட்டர் இல்லை என்று தெரிந்தது.

சர்வேயர் அன்று வரவில்லை. நான் ஒரு மீட்டர் குச்சியை வெட்டி நட்டு நிழலை அளந்தேன். 75 செ.மீ. உயரமான மரத்தின் நிழல் 12 மீட்டர். பள்ளிக்கூடத்தில் 'தலேஸ் தேற்றம்' என்று முசியே சொல்லிக் கொடுத்தது. ஐம்பது வருடம் கழித்து முதல் தடவையாகப் பயன்பட்டது. 16 மீட்டர் என்று வந்தது. பிறகு சர்வேயர் கருவி வைத்துப் பார்த்து 15.8 என்றார்.

குச்சியை வைத்துக்கொண்டு நான் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு மூதாட்டி வந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும்.

"இன்னா தம்பி, பொதையல் எடுக்கிறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெட்டச் சொல்லுவாங்கன்னு தெரியும். போன வருசமே மேனேசரு வந்தாரு. ஒரு மரத்துக்கு இவ்ளோ தரேன்னாரு. இது எங்க ஊட்டுக்காரரு வெச்சது. பதினொண்ணும் ஒரே நாள்ல வெச்சாரு. வெச்ச வருசமே போயிட்டாரு. நாந்தான் கொடத்துல தண்ணி ஊத்துனேன்."

"பணம் வேணாமாம்மா?"

"பணத்த வாங்கி? வருசத்துக்கு ரெண்டு தடவ ஆடி, தைன்னு எம் பொண்ணுங்களுக்குக் காய் அனுப்புறேன். கடையில வாங்கியா அனுப்புவேன்?"

இளநீர் வெட்டிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போய்த் திட்டு வாங்கினேன்.

மேனேஜரிடம் வந்து 16 என்று சொன்னதும் அவர் அறைக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான். அவருக்கு மேலே முதலாளி, முதலாளிக்கு மேலே வங்கிக் கடன். "சார், நீங்க அனுபவசாலி. தடைகள் வரைபடத்துல 9 மீட்டர்னு போட்டுடுங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க மரம் ஏறியா அளப்பாங்க? லைசென்ஸ் வந்தப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஏதாவது பண்ணிக்கலாம். கிழவி எத்தனை நாளைக்கு?"

'ஏதாவது' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் தென்னை மரம் பட்டுப்போக என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. 8,000 ரூபாய் பெரிதில்லை, பென்ஷன் இருக்கிறது. ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஜீப் வருகிற சத்தம் கேட்டால் சின்னப் பையன் மாதிரி எழுந்து ஓடுவேன். வீட்டம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கிடங்குச் சுவர் விஷயம் தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "மறுபடியும் சந்தைக்குப் போகாம இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கேப்டனிடம் போனேன். அவர் மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காகிதம் எடுத்து ஒரு கோடு போட்டார். "முசியே, மரத்தை நகர்த்த முடியாது. வாசற்படியை நகர்த்தலாம்."

ஓடுபாதையில் விமானம் இறங்கத் தொடங்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் 'த்ரெஷோல்ட்', பிரெஞ்சில் 'ஸொய்'. இரண்டுமே வாசற்படிதான். அந்தச் சரிவு வாசற்படியிலிருந்துதான் கணக்காகிறது. வாசற்படியை 150 மீட்டர் உள்ளே தள்ளினால் மரம் 460 மீட்டர் தூரத்தில் நிற்கும். 460-இல் 60 போனால் 400, அதை 25-ஆல் வகுத்தால் 16. சரியாகப் பொருந்துகிறது. நான் சொன்னேன்: "கேப்டன், தென்னை வளருமே." லைசென்ஸே அப்போது அதிகபட்சம் 24 மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரத்தடியில் குச்சியோடு நிற்க முடியாது. 200 மீட்டர் தள்ளினோம். 18 மீட்டர் வரை மரம் வளரலாம்.

இதில் இழப்பு உண்டு. மேற்கிலிருந்து வந்து இறங்குகிற விமானத்துக்கு 1,200 மீட்டர் இல்லை, 1,000 மீட்டர்தான். மேற்கு நோக்கிப் புறப்படுகிற விமானத்துக்கும் மரம் எதிரே நிற்பதால் 1,000 என்றே காட்ட வேண்டும். கிழக்கு நோக்கிப் புறப்பட்டாலோ, கிழக்கிலிருந்து வந்து இறங்கினாலோ முழு 1,200 உண்டு. ஒரே தார்ப் பாதைக்கு, எந்தப் பக்கம் போகிறாய் என்பதைப் பொறுத்து வேறு வேறு நீளம்! 'டோரா', 'டோடா', 'அஸ்டா', 'எல்டிஏ' என்று நான்கு பெயரில், இரண்டு திசைக்கும் அட்டவணை போட வேண்டும். அந்த அட்டவணையை நான் எவ்வளவு ஆசையாகப் போட்டேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

முதலாளி வந்தார். மேனேஜர் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் ஒரு பக்கம். 200 மீட்டர் தார் போட எவ்வளவு செலவானது என்று அவர் எங்களுக்கு ஞாபகப்படுத்தினார். கேப்டன் தன் பயிற்சி விமானங்களுக்கு 1,000 மீட்டர் தாராளம் என்றார். முதலாளி என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான், "சார், 9 மீட்டர்னு எழுதற ஆள் வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தொண்டை வறண்டுவிட்டது. முப்பத்தெட்டு வருட சர்வீசில் ஒரு மேலதிகாரியிடம் இப்படிச் சொன்னதில்லை. அவர் ஒன்றும் பேசாமல் ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பெயிண்ட் எவ்வளவு ஆகும்?" என்றார்.

பெயிண்ட்காரர்கள் ஐந்து நாள் வேலை செய்தார்கள். பழைய 09-ஐ அழித்து, 200 மீட்டர் உள்ளே குறுக்குப் பட்டையும் புது எண்ணும் போட்டார்கள். விட்டுப்போன பகுதி முழுக்க, இங்கே இறங்காதே, இன்னும் முன்னால் போ என்று விமானிக்குச் சொல்கிற வெள்ளை அம்புகள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலி போட்டதும் உளுந்து காயப்போட்டவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வாசலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் களம் போட்டுக் கொடுத்து சமாதானம் ஆயிற்று. பக்கத்துச் சிற்றூரின் குப்பைமேடு நான்கு கிலோமீட்டரில் இருந்தது. அதில் பருந்தும் கொக்கும். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டவோ ஆடு மாடு அறுக்கவோ கூடாது என்று விதி 91 சொல்கிறது. பேரூராட்சி அலுவலகத்துக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஒரு குமாஸ்தாவின் கடிதத்தை இன்னொரு குமாஸ்தா எந்த அடுக்கில் வைப்பார் என்று எனக்குத் தெரியாதா? ஏழாவது தடவை நேரில் போய் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். குப்பைமேடு இடம் மாறவில்லை, மேலே மண் போட்டு மூட ஆரம்பித்தார்கள். கையேடு ஐந்து பகுதிகளாக, நான்கு பிரதியாகத் தயாரானது. அதில் நான் பார்க்காத எதையும் எழுதவில்லை.

2011 ஆகஸ்டில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் இளம் பெண். கை குலுக்கி, காபி வேண்டாம் என்று சொல்லி, வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முதல்ல அந்த மரங்களைப் பார்க்கலாம்" என்றார் அந்தப் பெண். நான் மேனேஜரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

கொல்லையில் கருவியை நிறுத்தி ஒவ்வொரு மரமாகப் பார்த்தார்கள். மூதாட்டி என்னிடம் வந்து மெதுவாக, "இவங்களும் அளக்கிறாங்களே, எதுனா ஆவுமா தம்பி?" என்றார். "ஒண்ணும் ஆவாதும்மா, உங்க மரம் எவ்வளவு உசரம்னு டெல்லி வரைக்கும் எழுதி வெச்சிருக்கு" என்றேன். அதிகாரிகள் இருவருக்கும் இளநீர். அவர்கள் காசு எடுத்தபோது நான் கண்ணால் தடுத்துவிட்டேன், அனுபவம்.

ஆனால் கிணற்றில் மாட்டிக்கொண்டோம். மண் கொட்டி மூடி, புல்லும் முளைத்து, பார்க்க அழகாக இருந்தது. மூத்த அதிகாரி ஜீப்பை அதன்மேல் ஓட்டச் சொன்னார். முன் சக்கரம் அரை அடி இறங்கிவிட்டது. முந்தின வாரத்து மழை. 'மூடப்பட்டது' என்று எழுதியது நான், பார்த்தது நிஜம், இறுகியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. பதினான்கு குறைகள் எழுதிக் கொடுத்தார்கள், அதில் இதுதான் முதலாவது. மறுபடி தோண்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, லோடு ஏற்றிய டிப்பர் லாரியை மேலே நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினோம். அந்த டிப்பரில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். படத்தில் தெரியும்.

நவம்பரில் லைசென்ஸ் வந்தது. தனியார் உபயோக வகை. முதலாளி ஸ்வீட் பாக்ஸும் ஒரு சால்வையும் கொடுத்தார். மேனேஜர் தன் கையால் என் டிபன் கேரியரை ஜீப்பில் வைத்தார். சால்வையைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் அடித்தது. நம் வாசகர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. புதுவையிலிருந்து கடலூர் வரை எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு மரம் விழுந்த கதை இருக்கும். எங்கள் வீட்டு மாமரம் மதில்மேல் விழுந்தது, பல நாள் மின்சாரம் இல்லை. பொங்கலுக்கு முன்னால்தான் ஜீப் வந்தது. வழியெல்லாம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஓடுதளத்தில் வேலி படுத்துவிட்டது, தையற்காரரின் காற்றுப்பை இருந்த இடத்தில் வளையம் மட்டும் இருந்தது.

கொல்லைக்கு நடந்தேன். ஒன்பது மரங்கள் விழுந்திருந்தன. இரண்டு நின்றன. அதில் ஒன்று அந்த உயரமான மரம், 15.8 மீட்டர்.

மூதாட்டி விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து கீற்று கிழித்துக்கொண்டிருந்தார். கூரை போட வேண்டுமே. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "உக்காரு தம்பி. உங்க பிளேன்காரங்களுக்கு இப்ப சௌரியமாப் போச்சு" என்றார், கோபம் இல்லாமல்.

சௌகரியம் ஆகவில்லை. ஒரு மரம் நின்றாலும் அது 15.8-தானே. மேனேஜர் என்னைக் கேட்டார், ஒன்றுக்காக 200 மீட்டரா என்று. வாசற்படியை மறுபடி வெளியே தள்ளுவதானால் அந்த ஒரு மரத்தை வெட்டி, அளந்து, அட்டவணை மாற்றி, அனுமதி வாங்கிப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "இருக்கட்டும் சார்" என்றார்.

நான் அங்கே இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்தேன். கடைசியாகப் போன அன்று கொல்லை வரிசையில் ஒன்பது குழிகளில் ஒன்பது கன்று நின்றது, ஒவ்வொன்றையும் சுற்றி முள் வேலி. ஆடு மேய்ந்துவிடுமாம். குச்சி எடுத்து அளக்கத் தேவையில்லை, என் முழங்கால் உயரம்தான்.